உக்கிரபாண்டி தலைக்கு மேலே...!

"ஆ... ஆ... ஆ...!"

தங்கச்சிமடம் கல்யாண மண்டபத்தின் பின்பக்கத்திலிருந்து கிளம்பியது அந்த அலறல்.

முன்பக்கம் மெயின் ரோட்டில் மறியல் செய்துகொண்டிருந்த கூட்டம் கோஷத்தைப் பாதியில் விழுங்கியது.

மண்டபத்துக்கு மேலே, நட்ட நடு ஆகாயத்தில், ஒரு டிரோன் 'ங்ஙொய்...' என்று நின்றுகொண்டிருந்தது.

அதற்கு நேர் கீழே...

இன்ஸ்பெக்டர் உக்கிரபாண்டி மல்லாந்து கிடந்தார்!

மீசையின் ஒரு முனை ராமேஸ்வரத்தைக் காட்டியது. மறு முனை பாம்பனைக் காட்டியது. நெற்றியிலிருந்து நெஞ்சு வரைக்கும் ஒரே சிவப்பு!

"ரத்தம்...! ரத்தம்...!" என்று அவரே கத்தினார்.

அதனால் உயிருக்கு ஆபத்தில்லை என்பது உறுதியானது.

முதலில் ஓடி வந்தவர் ஏட்டு இருளாண்டி. குனிந்தார். இன்ஸ்பெக்டரைத் தூக்குவார் என்று நீங்கள் நினைத்தால் தப்பு. அவர் வேறு எதையோ தூக்கிக்கொண்டு ஜீப்பை நோக்கி ஓடினார்.

அது என்ன...? பொறுங்கள்.

அதற்குள் மண்டபத்துப் பின்கதவு படீரென்று திறந்தது.

கோட்டு, சூட்டு, சட்டைப்பையில் ரோஜாப்பூ. வெளியே வந்தவன் ஆன்டோ. விசைப்படகு டிரைவர். அன்றைக்கு மாப்பிள்ளை. சற்று முன்புதான் மாதா கோயிலில் ரெக்சிக்குத் தாலி கட்டியிருந்தான்.

"அய்யய்யோ... சார்! கையக் குடுங்க சார்!"

தூக்கி நிறுத்தினான்.

உக்கிரபாண்டி கண்ணைத் திறந்தார். மேலே பார்த்தார். டிரோனும் அவரைப் பார்த்தது.

மீசை நடுங்கியது.

அடுத்த விநாடி, தூக்கிவிட்ட அந்தக் கையையே கெட்டியாகப் பிடித்துக்கொண்டார்.

"யோவ் இருளாண்டி! இவன் என்னைய அடிச்சுட்டான்யா! கொலை முயற்சி! இவனைப் புடி! அந்தப் பறக்குற சனியனையும் புடி!"

ஆன்டோவுக்கு ஒன்றும் புரியவில்லை.

தூக்கிவிட்டதற்குக் கைதாகும் முதல் மாப்பிள்ளை அவன்தான்!

*

டிரோன் அங்கே எப்படி வந்தது?

அதற்குக் காரணம் யாகப்பம்மாளின் முதுகு.

போன மறியலில் அந்த முதுகில் லத்தி விழுந்தது. 'அன்றைய தினம் லத்தியே எடுத்துச் செல்லப்படவில்லை' என்று ஸ்டேஷன் அறிக்கை விட்டது. கீழே கையெழுத்து: உக்கிரபாண்டி. முதுகைக் கழற்றிக் கலெக்டர் மேஜையில் வைக்க வழியில்லாததால், யாகப்பம்மாள் பல்லைக் கடித்துக்கொண்டு காத்திருந்தாள்.

இந்தத் தடவை மறியல் அவள் புருஷனுக்காகவே. கடலுக்குப் போன படகோடு அவரையும் சேர்த்து இலங்கை நேவி பிடித்துப் போயிருந்தது.

மறியல் நடந்த இடம் கல்யாண மண்டபத்து வாசல். மண்டபத்தில் ஆன்டோ கல்யாணம். அதை வீடியோ எடுத்தவள் ஆன்டோவின் அக்கா ஆன்சி. சொந்தமாக ஸ்டுடியோ வைத்திருந்தாள். சொந்தமாக டிரோனும்!

யாகப்பம்மாள் நேராக மண்டபத்துக்குள் புகுந்தாள்.

"அடியே ஆன்சி! மாப்ள மண்டைய மேல இருந்து எடுத்தது போதும். வெளிய வந்து போலீஸ் மண்டைய எடு!"

"சித்தி, இது எந்தம்பி கல்யாணம்!"

"தம்பி எங்கடி ஓடிறப் போறான்? தாலி கட்டியாச்சு. போலீஸுதான் அடிச்சுப்புட்டு அடிக்கலைன்னு ஓடும். வா இங்கிட்டு!"

கையைப் பிடித்து இழுத்த வேகத்தில், பட்டுச் சேலையோடு, ரிமோட்டோடு, ஆன்சி ரோட்டுக்கு வந்துவிட்டாள். அந்த அவசரத்தில் ஒரு சின்ன விஷயத்தை மறந்துபோனாள்.

ரொம்பச் சின்ன விஷயம்!

மறியலின் தலைவர் வேதநாயகம். விசைப்படகுச் சங்கத்துக்கும் அவரே தலைவர். வெள்ளை வேட்டி, வெள்ளைச் சட்டை, வெள்ளைச் செருப்பு. டிரோனைப் பார்த்ததும் மைக்கைக் கையால் பொத்திக்கொண்டு ஆன்சியிடம் குனிந்தார்.

"ஆன்சி, போலீஸ எடுக்குறது இருக்கட்டும். என்னைய வலது பக்கமா எடும்மா. இடது கன்னத்துல மச்சம் இருக்கு, அது போட்டோல விழ வேணாம்."

கையை எடுத்தார். மைக் அதிர்ந்தது.

"இது டிரோன் அல்ல...! மக்களின் ஆகாயக் கண்! இனி ஒரு லத்தி உயர்ந்தால், உலகம் பார்க்கும்!"

கைதட்டல்.

லத்திகள் உண்மையிலேயே கீழே தாழ்ந்தன. இரண்டு கான்ஸ்டபிள்கள் மேலே பார்த்துத் தலை சீவிக்கொண்டார்கள்.

"தொண்டை கட்டிருச்சு. தண்ணி குடிச்சிட்டு வாரேன்" என்று சொல்லிவிட்டுத் தலைவர் கூட்டத்தில் கரைந்தார்.

கொஞ்ச நேரத்தில் யாகப்பம்மாள் ஆன்சியின் விலாவில் இடித்தாள்.

"ஏய்! மீசை மட்டும் தனியா எங்கடி போகுது? அங்கன பாரு, மண்டபத்துப் பின்பக்கமா! விடாத... பின்னாடியே விடு!"

டிரோன் திரும்பியது. ஆன்சி செல்போன் திரையைப் பார்த்தாள். உச்சி வெயிலில் திரை கண்ணாடியாக மின்னியது. அவள் முகமே அவளுக்குத் தெரிந்தது. நடுவே ஒரு காக்கிப் புள்ளி நகர்ந்தது... நின்றது... திரும்பியது...

சரிந்தது!

"ஆ... ஆ... ஆ...!"

*

போலீஸ் ஸ்டேஷன்.

நாற்காலியில் உக்கிரபாண்டி. தலையைச் சுற்றி வெள்ளைத் துணி. சுற்றுபவர் இருளாண்டி.

"இன்னும் ரெண்டு சுத்து சுத்துய்யா."

"அய்யா... காயம் எங்கன இருக்குன்னு சொன்னீகன்னா, அந்தப் பக்கமா சுத்துவேன்."

"எல்லாப் பக்கமும் சுத்து!"

இருளாண்டி மூக்கை உறிஞ்சினார்.

"அய்யா, தப்பா எடுத்துக்கிராதீக. இந்த ரத்தத்துல பட்டை வாசம் அடிக்குது."

"வாய மூடு!"

"சோம்பும் அடிக்குது."

"யோவ்!"

லாக்கப்புக்குள் கோட்டு சூட்டோடு ஆன்டோ. வாசல் பெஞ்சில் வெள்ளைப் பட்டில், கையில் பூச்செண்டோடு மணப்பெண் ரெக்சி. மேஜைக்கு முன்னால் ஆன்சி.

மேஜைமேல் மூன்று பொருள்கள். டிரோன். டிரோனிலிருந்து கழற்றிய மெமரி கார்டு. ஆன்சியின் செல்போன்.

"சார், எந்தம்பி உங்கள அடிக்கல. நீங்களா வழுக்கி விழுந்தீங்க. நான் பாத்தேன்."

"நான் விழுந்தேனா? நானா?" உக்கிரபாண்டி எழுந்தார். "எங்க ஊரு கமுதியில போய்க் கேட்டுப் பாரு! உக்கிரபாண்டி வழுக்கி விழுந்ததா சரித்திரம் கிடையாது. ரோட்டுல, முன்வரிசையில, கடமை செஞ்சுக்கிட்டிருந்தேன். பின்னாடி வந்து துடுப்பால அடிச்சான்!"

"ரோட்டுல இல்ல சார். மண்டபத்துப் பின்னாடி. அங்கன நீங்க என்ன செஞ்சீங்க?"

உக்கிரபாண்டி தலைக்கட்டைத் தடவிப் பார்த்துக்கொண்டார்.

"ரகசியக் கண்காணிப்பு!" என்றார் உக்கிரபாண்டி கடைசியில். "அது இருக்கட்டும். நீ எப்படி டிரோன் விட்ட? இது கடலோரம்! பர்மிஷன் இருக்கா?"

"கல்யாணத்துக்குன்னு நீங்கதான சார் பர்மிஷன் குடுத்தீங்க? சாயங்காலம் வரைக்கும் செல்லும்."

"கல்யாணத்த எடுக்கத்தான் குடுத்தேன். என்னைய எடுக்கவா குடுத்தேன்?"

"கல்யாண மண்டபத்துலதான சார் நீங்க இருந்தீங்க?"

இருளாண்டி சிரிப்பை இருமலாக மாற்றினார்.

ஆன்சி குரலைத் தணித்தாள். "சார்... சாயங்காலம் மாஜிஸ்திரேட்டுகிட்ட கொண்டுபோனா, கொலை முயற்சின்னு உள்ள வச்சிருவாங்க. வாழ வேண்டிய புள்ள சார். அந்தப் பொண்ணப் பாருங்க. அந்தக் கார்டைப் போட்டுப் பாருங்க சார். அது ஒண்ணு போதும்."

"பாப்போம். சட்டப்படி பரிசோதிப்போம்."

உக்கிரபாண்டி கார்டை எடுத்தார். விரல்நகம் அளவு கார்டு. வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தார்.

"இருளாண்டி... உன் பாக்குவெட்டியக் குடு."

"எதுக்குங்கய்யா?"

"பரிசோதனைக்கு!"

கட்... கடக்...!

கார்டு நான்கு துண்டானது.

"அடடா! தரமில்லாத கார்டு. தொட்டதும் ஒடஞ்சு போச்சே!"

தம்பியைக் காப்பாற்ற இருந்த ஒரே சாட்சி, பாக்குத்தூளாகக் கிடந்தது.

'ட்ரிங்... ட்ரிங்... ட்ரிங்...!'

மேஜைமேல் அவளுடைய செல்போன் அலறியது. உக்கிரபாண்டி எடுத்துப் பார்த்துவிட்டு வெட்டினார்.

மறுபடி அலறியது. மறுபடி வெட்டினார். மறுபடி...

"யாருடா இவன், விடாம அடிக்கிறான்?" நம்பரை உற்றுப் பார்த்தார். கண்கள் விரிந்தன. "இருளாண்டி... இது நம்ம ஊர் நம்பர் இல்லய்யா! ஃபாரின் நம்பர்!"

"குவைத்து நம்பருங்கய்யா. எங்க மச்சான் அங்கனதான் இருக்கான்."

"டிரோன்! கடலோரம்! வெளிநாட்டுக் கால்!" விரல் விட்டு எண்ணினார் உக்கிரபாண்டி. "யோவ், இது வெறும் அடிதடி இல்லய்யா... சர்வதேச சதி! எழுதுய்யா கேஸை! இந்த வருஷம் மெடல் எனக்குத்தான்!"

"சார், அது யாருன்னு எடுத்துப் பேசுனா..." ஆன்சி எட்டினாள்.

"தொடாத! எதிரியோட தொடர்பு கொள்ளப் பாக்குறியா?"

'ட்ரிங்... ட்ரிங்...!'

வெட்டினார்.

*

இன்ஸ்பெக்டரைத் தாக்கிவிட்டார்கள் என்ற தகவல் கேட்டு டி.எஸ்.பி. சண்முகவள்ளி வந்து இறங்கியபோது, ஸ்டேஷன் வாசலில் ஊரே கூடியிருந்தது.

மைக்கோடு வேதநாயகம். மெமரி கார்டு நொறுங்கிய செய்தி எப்படியோ வெளியே கசிந்திருந்தது. அதற்குப் பிறகு தலைவருக்கு வந்த வீரம் இருக்கிறதே...

"வெளியிடு! வெளியிடு! வீடியோவை வெளியிடு! முழுசா வெளியிடு! ஒரு நொடிகூட வெட்டாமல் வெளியிடு!"

"நீங்க ரெண்டு பேர் மட்டும் உள்ள வாங்க" என்றார் டி.எஸ்.பி.

வேதநாயகமும் யாகப்பம்மாளும் உள்ளே வந்தார்கள். தலைவர் வலது பக்கத்தைக் காட்டியபடி நின்றார்.

உக்கிரபாண்டி சல்யூட் அடித்தார். கட்டு அவிழ்ந்து கண்ணை மறைத்தது.

"சொல்லுங்க உக்கிரபாண்டி. எத்தனை பேர் தாக்குனாங்க?"

"நானூறு பேர் மேடம். நான் ஒத்தையா நின்னேன். உயிரைத் துச்சமா மதிச்சு..."

"எதால அடிச்சாங்க?"

"துடுப்பால மேடம்."

டி.எஸ்.பி. லாக்கப்பைத் திரும்பிப் பார்த்தார்.

"இவர் விசைப்படகு டிரைவர்தான? இன்ஜின் படகுக்கு எதுக்குத் துடுப்பு?"

"அது... வந்து மேடம்..."

"அதுவும் கோட்டு சூட்டு போட்டுக்கிட்டு, துடுப்போடவா கோயிலுக்குத் தாலி கட்டப் போனாரு?"

உக்கிரபாண்டி உடனே தன் கடைசி அஸ்திரத்தை எடுத்தார்.

"மேடம், நீங்க இதை லோக்கல் மேட்டரா பாக்கக் கூடாது. இதுக்குப் பின்னாடி ஃபாரின் சதி இருக்கு! இந்தப் பொண்ணு போனுக்கு மத்தியானத்துல இருந்து குவைத்ல இருந்து கால் வந்துக்கிட்டே இருக்கு!"

"எடுத்து விசாரிச்சீங்களா?"

"எதிரிக்கு இடம் குடுக்கக் கூடாதுன்னு வெட்டிக்கிட்டே இருந்தேன் மேடம்!"

'ட்ரிங்... ட்ரிங்... ட்ரிங்...!'

"பாத்தீங்களா! பாத்தீங்களா!"

"ஸ்பீக்கர்ல போடுங்க."

உக்கிரபாண்டி வெற்றிப் புன்னகையோடு அழுத்தினார்.

"ஏம்மா ஆன்சி...! எத்தன வாட்டி போடுறது? ஏம்மா கட் பண்ணிக்கிட்டே இருக்க?" போனில் ஒரு குரல் அழாக்குறையாகக் கூவியது.

"நான் டி.எஸ்.பி. பேசுறேன். நீங்க யாரு?"

"டி.எஸ்.பி.யா? அம்மா, கும்பிடுறேன்! நான் சவரிமுத்து. பொண்ணு ரெக்சிக்கு அப்பன்ம்மா! கம்பெனில லீவு குடுக்கல. அதான் எம்மக கல்யாணத்த லைவ்ல பாத்துக்கிட்டு இருந்தேன்..."

"லைவ்...!"

ஆன்சி வாயைப் பொத்தினாள். "அய்யோ... கோயில்ல டிரோன லைவ்ல போட்டேன். ரெக்சி அப்பா பாக்கணும்னு... சித்தி வந்து இழுத்தாங்க... நான் நிறுத்தவே இல்லையே!"

ரொம்பச் சின்ன விஷயம் அதுதான்.

உக்கிரபாண்டியின் புன்னகை பாதி வழியில் நின்றது. வேதநாயகம் மெதுவாக வாசல் பக்கம் நகர்ந்தார். வாசலில் யாகப்பம்மாள் நின்றாள்.

"நீங்க என்ன பாத்தீங்க சவரிமுத்து? ஒண்ணு விடாம சொல்லுங்க."

"கோயில் வரைக்கும் நல்லா வந்துச்சும்மா. அழுதுட்டேன். அப்புறம் பாத்தா ரோடு பூரா சனம்! கொடி! கோஷம்! ரெண்டு பக்கமும் போலீசு! ஆகா, மாப்ள ஊர்வலத்துக்கு இம்புட்டுக் கூட்டமா, சம்மந்தி வீட்டுக்கு இம்புட்டுச் செல்வாக்கான்னு, இங்கன ரூம்ல இருக்குற அம்புட்டுப் பேருக்கும் டீ வாங்கிக் குடுத்துட்டேன்!"

"அப்புறம்?"

"அப்புறம் ஒரு மீசைக்கார போலீசு மட்டும் பின்பக்கம் வந்தாரு. சமையக்காரன் ஒருத்தனையும் காணோம், எல்லாம் முன்னாடி வேடிக்க பாக்கப் போயிட்டான்போல. இவரு ஒரு கையில வாளி, ஒரு கையில தூக்குச்சட்டி. தங்கமான மனுசன், பந்தி பரிமாற வந்திருக்காருன்னு நெனச்சேன்ம்மா! பாத்தா... வாளி நெறைய பிரியாணி, தூக்குல எண்ணெய்க் கத்திரிக்கா, எடுத்துக்கிட்டுக் கெளம்பிட்டாரு! போற வழியில எச்சி எலையில காலை வச்சாரு பாருங்க...!"

டி.எஸ்.பி. தன் செல்போனில் ஆன்சியின் சேனலைத் திறந்தார். எல்லோரும் எட்டிப் பார்த்தார்கள்.

திரையைச் சுற்றி ரோஜாப்பூ பார்டர். மேலே 'ஆன்டோ வெட்ஸ் ரெக்சி'. பின்னணியில் நாதஸ்வரம்.

நடுவே, இன்ஸ்பெக்டர் உக்கிரபாண்டி வாளியோடு நடந்து வந்தார். அவர் எடுத்து வைத்த ஒவ்வொரு அடிக்கும் திரையில் ஒரு சிவப்பு இதயம் மிதந்து மேலே போனது.

கால் வழுக்கியது.

தூக்குச்சட்டி பறந்தது. கத்திரிக்காய்க் குழம்பு அவர் நெற்றியில் அபிஷேகமானது. முண்டு மிளகாய் அரைத்த, செக்கச் சிவந்த குழம்பு!

ஆனால்...

வாளி மட்டும் தரையைத் தொடவில்லை. மல்லாந்து கிடந்த நிலையிலும் அதை ஒற்றைக் கையால் ஆகாயத்தில் தூக்கிப் பிடித்திருந்தார். ஏட்டு இருளாண்டி ஓடி வந்து, பயபக்தியோடு அதை வாங்கிக்கொண்டு ஜீப்பை நோக்கிப் போனார்.

பிறகு ஆன்டோ வந்தான். தூக்கிவிட்டான்.

"லாக்கப்பத் திறங்க" என்றார் டி.எஸ்.பி.

ஆன்டோ வெளியே வந்தான். ரெக்சி பூச்செண்டை அவன்மேல் வீசினாள். அது பாசமா கோபமா என்று அவனுக்குத் தெரியவில்லை. அவளுக்கும்!

"அம்மா... இன்னும் ஒண்ணு கேட்கணும்" என்றது போன். "அந்தப் போலீஸுக்குக் கரண்டி போட்டு அள்ளிக் குடுத்தாரே, வெள்ள வேட்டி... அவரு யாரு? சம்மந்தி வீட்டு ஆளா? இவரு விழுந்ததும் வேட்டிய மடிச்சுக்கிட்டு ஓட்டமா ஓடுனாரே!"

டி.எஸ்.பி. வீடியோவைப் பின்னுக்குத் தள்ளினார்.

பிரியாணி அண்டா. அதற்குப் பக்கத்தில் வெள்ளைச் சட்டை. வெள்ளைச் செருப்பு. கையில் நீளக் கரண்டி.

தலைவர் வேதநாயகம்!

அவர் கேட்டுக்கொண்டபடியே, வலது பக்கமாகத்தான் படத்தில் விழுந்திருந்தார். மச்சம் தெரியவில்லை.

"அது... அது ஒரு நல்லெண்ண நடவடிக்கை" என்றார் வேதநாயகம். மைக் இல்லாததால் குரல் பாதியாக இருந்தது. "டீவிக்காரங்க வர்ற வரைக்கும் கூட்டத்தக் கலைக்காதீகன்னு இன்ஸ்பெக்டர்கிட்ட ஒரு... ஒரு வேண்டுகோள்..."

யாகப்பம்மாள் அவரை மேலும் கீழும் பார்த்தாள்.

"எம்புருசன் அங்கிட்டு ஜெயில்ல கஞ்சி குடிச்சாகளா இல்லையான்னு தெரியாம, நான் தார் ரோட்டுல வெந்துக்கிட்டு கெடக்கேன். நீ இங்கிட்டு மீசைக்கு நல்ல பீஸா பாத்து அள்ளிப் போட்டியாக்கும்?"

"யாகப்பம்மா, நான் சொல்றத..."

"பேசாத! முழுசா வெளியிடச் சொன்னேல்ல? ஒரு நொடிகூட வெட்டக் கூடாதுன்ன? பஸ் ஸ்டாண்டுல திரை கட்டுறேன். நீயே வந்து தொடங்கி வையி!"

டி.எஸ்.பி. உக்கிரபாண்டியின் தலைக்கட்டைத் தன் கையாலேயே அவிழ்த்தார். சுற்று மேல் சுற்றாக வந்தது. கடைசிச் சுற்றும் கழன்றது. உள்ளே காயம் இல்லை. ஒரு கறிவேப்பிலை இருந்தது.

"உக்கிரபாண்டி, பெல்ட்டையும் தொப்பியையும் மேஜைல வச்சுட்டு ராமநாதபுரம் வந்து என்னைப் பாருங்க. ஆன்சி, உங்க டிரோன எடுத்துக்கங்க. அடுத்த மறியலுக்கும் மேல விடுங்க. எனக்குக் கீழ இருக்குறவங்களப் பாக்க எனக்கும் ஒரு வழி வேணும்."

வாசலுக்குப் போனவர் திரும்பினார்.

"ஏட்டு! அந்த வாளி ஜீப்லதான இருக்கு? முக்கிய ஆதாரம். எடுத்துட்டு வாங்க."

இருளாண்டி நகரவில்லை. தலையைச் சொறிந்தார்.

"வாளியக் கொண்டாந்துருவேன் மேடம். ஆனா... வாளி மட்டும்தான் வரும்."

"உள்ள இருந்த ஆதாரம்?"

"அய்யா மெமரி கார்ட ஒடச்சதப் பாத்ததும் எங்களுக்குப் பக்குன்னு ஆயிருச்சு மேடம். இதையும் அழிச்சுருவாரோன்னு..."

ஏட்டு அட்டென்ஷனில் நின்று, வயிற்றைத் தடவிக்கொண்டார்.

"ஸ்டேஷன்ல இருக்குற அம்புட்டுப் பேரும் ஆளுக்குக் கொஞ்சமா வாங்கி, பத்திரமா உள்ள வச்சுட்டோம்!"